நைட் ஷிப்ட்காரனின் முதல் சளி

சோதனையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேருவார்கள். அப்படிச் சொன்னதற்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சண்டை பிடித்த பெண்பிள்ளை மந்தாரக்குப்பத்தில் ஒருத்திதான். அவள் பெயர் அன்புக்கரசி. பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அவள் வாயைத் திறந்தால் கடைத்தெருவே ஓர் அடி தள்ளி நிற்கும்.

பிறந்தது முத்தாண்டிக்குப்பம். கல்யாணமாகி மந்தாரக்குப்பத்துக்கு வந்து, ஜான் பீவி வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தாள். வந்த வருடமே ஒரு தள்ளுவண்டியில் சாயங்கால டிபன் கடை போட்டுவிட்டாள். பஜ்ஜியில் ஆரம்பித்து இட்லி, தோசையில் முடியும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரைக்கும் அடுப்பு எரியும். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னபோது, "பல்லு இல்லாதவங்களுக்கு நான் எங்க போயி கூழு காய்ச்சுறது" என்று கேட்டாள். அவன் இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறான்.

புருஷன் சிங்காரவேல் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். ஓடுகிற பெல்ட்டின் ஓரத்தில் சிந்திக் குவிகிற பழுப்பு நிலக்கரியை அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடுகிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். பேச வேண்டியதையெல்லாம் பெண்டாட்டியே பேசிவிடுவதால் அவனுக்கு அந்தத் தேவையும் ஏற்படவில்லை. மற்றவர்கள் ஷிப்ட் மாறி மாறிப் போவார்கள். இவன் மட்டும் சூப்பர்வைசரிடம் கேட்டு நைட் ஷிப்டையே வாங்கிக்கொண்டான். பகலில் தூங்கி மூன்று மணிக்கு எழுந்தால் வெங்காயம் அரியவும் வண்டியைத் தள்ளவும் கூடமாட இருக்கலாம் அல்லவா. வேலை பர்மனென்ட் ஆகாவிட்டாலும் நைட் ஷிப்ட் பர்மனென்ட் ஆகிவிட்டது என்று அன்புக்கரசி சொல்லிச் சிரிப்பாள். அந்த வீட்டில் அப்பனுக்குப் பல் தேய்க்கத் தண்ணீர் எடுத்து வைப்பது, மகள் செவ்வந்தி பால்வாடி விட்டு வந்த பிறகுதான். அவளுக்கு அப்போது நாலு வயது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு, பொங்கல் கழிந்ததும் சிங்காரவேலுக்கு இருமல் பிடித்தது. மந்தாரக்குப்பத்தில் இருமலை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கரித் தூசி, அவ்வளவுதான். பெல்ட்டில் வேலை செய்கிறவன் இருமாமல் பாட்டா பாடுவான் என்பார்கள். சிங்காரவேலும் அதையேதான் சொன்னான். வெல்லம் சாப்பிட்டான், மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்தான். மாசி போய்ப் பங்குனி வந்தது, இருமல் போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. பகல் தூக்கத்தில் வேர்த்துப் பாய் நனைந்தது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அன்புக்கரசிக்கு இது புதிது இல்லை. அவள் அப்பா ராமசாமியும் மண் வெட்டுகிற வேலையில் இருந்தவர். அவரும் இப்படித்தான் சாயங்காலக் காய்ச்சலோடு இளைத்தார். ஊரே தூசி, தூசி என்றது. அவரும் தூசி என்று சொல்லிக்கொண்டே நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அப்போது அன்புக்கரசி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். என்ன நோய் என்று ஒருவர்கூடக் கடைசிவரை பெயர் சொல்லவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அதே உடம்பு தன் வீட்டுப் பாயில் படுத்திருந்தது.

அவனை இழுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் பாயிஜா என்று ஓர் இளவயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நெஞ்சின் மேல்பக்கம் ஒரு மங்கல் இருந்தது. "டிபியா இருக்கலாம், வேற சளியாவும் இருக்கலாம். சளி டெஸ்ட் பண்ணிடுவோம். காலையில எழுந்ததும் வர்ற முதல் சளி வேணும்" என்று சொல்லி, மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தார். அன்புக்கரசி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கு டப்பாவும் கையுமாக வாசலில் நின்று, சிங்காரவேல் வேலையிலிருந்து வந்து சேர்ந்ததும் வாய் கொப்பளிக்க வைத்து, துப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னால் அவள்தான் முதல் ஆளாக நின்றாள்.

இரண்டு டப்பாவும் நெகட்டிவ். டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கட்டாயம் வரச் சொன்னார்.

வரிசை வீடுகளில் அன்றைக்குப் பண்டிகைதான். ஜான் பீவி ஒரு தூக்கு நிறைய சேமியா பாயசம் கொண்டுவந்து வைத்தாள். "அல்லா காப்பாத்திட்டான். இனிமேட்டாவது அந்தப் புள்ளைய நிம்மதியா வுடு" என்றாள். சிங்காரவேல் இரண்டு டம்ளர் பாயசம் குடித்தான். குடித்துவிட்டு இருமினான். எல்லோரும் சிரித்தார்கள். அன்புக்கரசி மட்டும் பாயசத்தைத் தொடவில்லை. ஒன்றுமில்லை என்றால் காய்ச்சல் ஏன் வருகிறது என்று கேட்டால், எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புருஷனுக்கு நோய் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் பார் என்று பக்கத்து வீட்டில் பேசியது அவள் காதிலும் விழுந்தது.

மாத்திரை தீர்ந்தும் காய்ச்சல் நிற்கவில்லை. சொன்ன நாளில் போய் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்து, எடை பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு நாள் துண்டில் ரத்தம் நூல் மாதிரி ஒட்டியிருந்தது. சிங்காரவேல் அதை மடித்து ஒளித்து வைத்தான். அவளிடம் ஒளித்து அவன் எதைக் காப்பாற்றியிருக்கிறான், அதைக் காப்பாற்ற? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் நின்று சண்டை பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னா, ஏங்க இவரு தேஞ்சிகினே போறாரு? எங்க அப்பனுக்கும் இதயேதான் சொன்னாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லியே கொண்டுபோயி பொதச்சிட்டாங்க. இந்தத் தடவ இன்னா நோயின்னு தெரியாம நான் எடத்த வுட்டு நகர மாட்டேன்."

நர்ஸ் ஒருவர் அதட்டினார். டாக்டர் பாயிஜா அறையிலிருந்து எழுந்து வெளியே வந்தார். சண்டையைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாத டாக்டர் கிடைத்தது அன்புக்கரசியின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீங்க சந்தேகப்படுறது தப்பே இல்லைங்கம்மா. நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்ல. நீங்க கொடுத்த சளியில கிருமி கண்ணுல படலைன்னுதான் அர்த்தம். மைக்ராஸ்கோப்புல தெரியணும்னா கிருமி நிறைய இருக்கணும். எக்ஸ்ரே மங்கல் அப்படியேதான் இருக்கு, எடையும் குறையுது. அதனால நானும் இதோட விடப்போறதில்ல. இன்னொரு சளி கொடுங்க. அதுல ஒரு பங்கைக் கடலூருக்கு அனுப்புறேன். கிருமி கொஞ்சமா இருந்தாலும் அதோட மரபணுவைத் தேடிப் பிடிக்கிற மிஷின் அங்க இருக்கு."

டப்பா வாங்க லேபுக்கு அனுப்பினார். லேபில் இருந்தவர் குஞ்சிதபாதம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். அன்புக்கரசியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஏம்மா, நீ போன தடவ கொண்டாந்த ரெண்டும் வெறும் எச்சிலா, நுரையா இருந்துச்சி. நான் அப்படியே எழுதித்தான் அனுப்புனேன். தூங்கி எழுந்ததும் எடுத்ததுதான?"

"ஆமாங்க. ஆறு மணிக்கு அவரு வந்ததும் வாசல்லயே வாங்கிட்டேன்."

"வந்ததுமா? எங்கேருந்து வந்ததும்?"

"மைன்ஸ்லேருந்துதாங்க. நைட் ஷிப்ட்டு."

குஞ்சிதபாதம் கையில் எடுத்த டப்பாவைக் கீழே வைத்தார். "அப்ப ராத்திரி தூங்கவே இல்ல."

"தூங்குனா மறுநாளு கேட்டுக்குள்ள வுடுவாங்களாங்க?"

"ராத்திரி முழுக்க இருமுற சளி?"

"அதெல்லாம் பெல்ட்டோரமா துப்பிட்டுத்தான வருவாரு. வாயில வச்சிகினா வேல செய்ய முடியும்?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு ஏதோ உறைத்துவிட்டது. குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "படுத்துத் தூங்குறப்பதாம்மா சளி நெஞ்சுக்குள்ள தேங்கும். எழுந்ததும் இருமுற முதல் இருமல்ல அது மேல வரும். அதுலதான் கிருமி இருக்கும். அவரு எப்ப தூங்கி எழுந்திரிக்கிறாரு?"

"மூணு மணிக்கு."

"அப்ப அதுதான் அவருக்குக் காலை. மூணு மணிக்கு எடுத்துகிட்டு வா. ட்யூட்டி முடிஞ்சாலும் நான் இருப்பேன்."

வருடக்கணக்காக அந்த வீட்டில் பொழுது விடிவது மத்தியானம் மூன்று மணிக்குத்தான். அதைச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தவளும் அவள்தான். ஆனால் காலை என்று டாக்டர் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தாளே தவிர, புருஷனைப் பார்க்கவில்லை. நெஞ்சுச் சளியையெல்லாம் பெல்ட்டோரத்தில் விட்டுவிட்டு, வெறும் வாய்த் தண்ணீரை டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை என்பதால் டப்பாவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஜான் பீவி வீட்டுக் கொல்லையில் நடந்ததை அந்த வரிசை வீட்டுப் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிங்காரவேல் எழுந்ததும் வேறு பேச்சே இல்லை. திறந்த வெளியில் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். குஞ்சிதபாதம் சொல்லிக் கொடுத்தபடி வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள். எல்லோரையும் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தானும் எட்ட நின்றாள். அங்கிருந்தே ஆரம்பித்தாள்.

"மூச்ச இழு. இன்னும் இழு. நிறுத்து. இப்ப அடி வயித்துலேருந்து இருமு. யோவ், தொண்டையில இருந்து இல்லய்யா, அடியிலேருந்து."

"முடியலடி."

"முடியும். இன்னொரு வாட்டி."

பிரசவம் பார்க்கிறவள்கூட இத்தனை அதட்டியிருக்க மாட்டாள். ஜன்னலிலிருந்து ஜான் பீவியும் சேர்ந்துகொண்டாள். "சிங்காரவேலு, அவ சொல்றத செஞ்சிடுப்பா, இல்லன்னா பொழுது சாய வுட மாட்டா." அவன் கண்ணில் நீர் வழிய, மரத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதும் குலுங்க இருமினான். நெஞ்சின் ஆழத்திலிருந்து கெட்டியாக, மஞ்சளாக ஒன்று வந்து டப்பாவில் விழுந்தது. அதைப் பார்த்து அன்புக்கரசிக்கு வந்த சந்தோஷத்தை அந்தப் பெண்கள் முன்னால் அவளால் மறைக்க முடியவில்லை. மூடியை இறுக்கினாள், பையில் வைத்தாள், ஷேர் ஆட்டோ பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர், மடியில் பத்திரமாகப் பிடித்திருப்பது என்ன ஊறுகாயா என்று கேட்டார். ஆமாம், வேணுமா என்றாள்.

குஞ்சிதபாதம் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக, ஆனால் கிளம்பாமல், உட்கார்ந்திருந்தார். டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதாம்மா சளி" என்றார். பரீட்சையில் பாஸான மாதிரி அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டு நாளில் மைக்ராஸ்கோப் முடிவு வந்தது. அதிலும் நெகட்டிவ்.

சிங்காரவேலுக்குப் பொறுமை போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் குரலை உயர்த்தியது அன்றுதான். "உனக்கு இன்னாதான் வேணும்? எனக்கு டிபி இருந்தாதான் உனக்கு நிம்மதியா? மூணு வாட்டி பாத்தாச்சி. ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. அப்படியே வுட்டுடேன்."

"ஆமாய்யா, இருந்தாத்தான் நிம்மதி" என்றாள் அன்புக்கரசி. "இருக்கறது இன்னான்னு தெரிஞ்சா அதுக்கு மாத்திர இருக்கு. தெரியலன்னா எங்க அப்பன் போன எடந்தான். நான் உன்ன அங்க அனுப்ப மாட்டேன்." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

கடலூருக்குப் போன பங்குக்கு இன்னும் பதில் வரவில்லை. அதிலும் தெரியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வழி இன்னும் அடைபடவில்லை. ஆனால் அவன் உடம்பு அதுவரை தாங்க வேண்டுமே. கடலூரிலிருந்து வடலூர் வழியாக வருகிற பஸ் ஒவ்வொன்றையும், அதில் தன் பதில் வருகிற மாதிரி, வண்டிக்கடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை இரண்டு தரம் தீய்ந்தது.

பதில் பஸ்ஸில் வரவில்லை, போனில் வந்தது. சாயங்காலம், வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் கிடக்கிறது, வண்டியைச் சுற்றிக் கூட்டம். டாக்டர் பாயிஜாவே பேசினார். "கண்டுபிடிச்சாச்சுங்கம்மா. டிபிதான். மாத்திரைக்குக் கட்டுப்படுற கிருமிதான், பயப்படாதீங்க. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்."

"கெடச்சிடுச்சி" என்று அன்புக்கரசி போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரி செல்போன் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். காணாமல் போன நகை கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இன்னாம்மா கெடச்சிது என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருக்கு டிபிங்க. மூணு மாசமா கண்ணாமூச்சி ஆடினு இருந்திச்சி, இன்னிக்கி புடிச்சிட்டாங்க."

தட்டுகள் அப்படியே நின்றன. ஒருவர் பாதி பஜ்ஜியைக் கீழே வைத்தார். இரண்டு பேர் சத்தமில்லாமல் நழுவினார்கள். இப்படிச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று அன்புக்கரசிக்குத் தெரியாதா? சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். மூன்று மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. யார் போனால் என்ன, யார் இருந்தால் என்ன. மறுநாள் கேசரி கிண்டி, வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தாள். டிபிக்குக் கேசரி கொடுத்தவள் என்று அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அவளையும் செவ்வந்தியையும் சோதித்தார்கள். இரண்டு பேர் நெஞ்சும் சுத்தம். பிள்ளை சின்னவள் என்பதால் தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குக் கூட்டம் குறைந்தது உண்மைதான். சாப்பாட்டால் அது ஒட்டாது, இருமுகிற காற்றில்தான் பரவும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் அதுவும் அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள் ஒவ்வொரு தட்டோடும் பரிமாறினாள். முதலில் திரும்பி வந்தவர், இட்லியைக் கல் என்று சொன்ன அந்த ஆள்தான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறாளோ என்று அன்புக்கரசி பயந்துகொண்டிருந்த ஜான் பீவி ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "எனக்கும் ஒரு மாசமா இருமலு. அந்த டப்பா ஒண்ணு வாங்கியாயேன்" என்றாள். அவளுக்குத் தூசிதான் என்று பிறகு தெரிந்தது.

மாத்திரை லேசான காரியமாக இல்லை. மாத்திரையின் நிறம் இறங்கிச் சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்துச் சிங்காரவேல் அரண்டான். முதல் சில வாரம் வயிற்றைப் புரட்டியது. நன்றாகிவிட்டதே, நிறுத்திவிடலாமே என்று நடுவில் ஒருமுறை நைசாக ஆரம்பித்துப் பார்த்தான். அன்புக்கரசி தோசைத் திருப்பியோடு எதிரில் வந்து நின்றாள். பேச்சு அங்கேயே முடிந்தது. காய்ச்சல் போயிற்று, பசி வந்தது. அவள் கடைக்கு வைத்த இட்லியில் பாதியை அவனே தீர்த்தான். இடுப்புக் கயிறு கழன்றது. ஐப்பசியில் டாக்டர் பாயிஜா கடைசிச் சோதனையும் பார்த்து, "சரியாயிடுச்சு. இனிமே மாத்திரை வேண்டாம்" என்றார். குஞ்சிதபாதம் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இல்லையே என்று அன்புக்கரசிக்கு வருத்தமாக இருந்தது.

வீடு திரும்பும்போது சிங்காரவேல் சைக்கிள் மிதித்தான். முன்னால் செவ்வந்தி, பின்னால் கேரியரில் அன்புக்கரசி. மேட்டில் ஏறும்போது அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. எங்கும் இடறவில்லை. அவளுக்கு அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. எலும்பு எலும்பாக, தொட்டால் கொதிக்கிற முதுகு. இது அப்படி இல்லை, சதை பிடித்துக் குளுமையாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. ஜெயித்தவள் அழுதால் யார் கேட்கப் போகிறார்கள்.

"மேடு ஏறுற வரைக்கும் எறங்கி நடடி" என்றான் அவன். "கனக்குற."

"முடியாது" என்றாள் அன்புக்கரசி. "மூச்சு இருக்குதில்ல, மிதி."

அவன் மிதித்தான்.